உடம்பு கிடைக்கும் வரை

என் தம்பி ரத்தினவேலைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து, படகுத்துறையிலிருந்து கடலுக்குள் தள்ளினார்கள். பட்டப்பகலில், ஊரே பார்க்க. அடித்தவன் முகம் எனக்குத் தெரியாது. கழகத்துக் காவல்காரர்கள் எல்லாரும் முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடித் தொப்பிதான் போட்டிருந்தார்கள். தெரிந்திருந்தால் அவன் அன்றைக்கே என் கையால் செத்திருப்பான். நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை. ஓடக்கரைக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தையல்நாயகி வாய்க்குப் பயந்து நாய்கூடக் குறுக்கே போகாது என்பார்கள்.

அவன் கேட்டது அப்படி என்ன பெரிய விஷயம்? அன்று மத்தியானம் ஈரச்சூடு ஏறிவிட்டது. வெயில் வேறு, ஈரச்சூடு வேறு. வெயிலில் வேர்த்தால் உடம்பு ஆறும். ஈரச்சூட்டில் வேர்வை காயாது, மனுஷன் உள்ளுக்குள்ளேயே வேகுவான். ஊரில் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் மயங்கி விழுந்தன. கழகத்தின் வளாகத்துக்குள் ஒரு குளிர்க்கூடம் இருந்தது. கல்யாண மண்டபம் மாதிரி பெரியது, உள்ளே நாலைந்து அதிகாரிகள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "புள்ளைங்களை மட்டுமாவது உள்ள வுடுங்கய்யா" என்று கேட்டான். ஊழியர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். கதவை உடைத்தான். அதற்குத்தான் படகுத்துறைக்கு இழுத்துவந்து அடித்தார்கள்.

கழகம் என்றால் மேகக்காப்புக் கழகம். உலகம் சூடாவதை ஒன்றரை டிகிரியோடு நிறுத்திவிடுவோம் என்று என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் பெரிய மனிதர்கள் கூடிக் கோடு போட்டார்களாம். அது தாண்டியது. சரி, இரண்டு என்றார்கள். அதுவும் தாண்டியது. பிறகு கோட்டை விட்டுவிட்டு மேகத்தைப் பிடித்தார்கள். எங்கள் மீன்பிடிப் படகுகளில் பெரிய பம்புகளையும் ஊசிமுனைக் குழாய்களையும் பொருத்தி, கடல் தண்ணீரைப் புகையாகப் பொடித்து வானத்துக்கு அடிக்கச் சொன்னார்கள். அந்த உப்பு மேலே போய் மேகத்தை வெள்ளை வெளேரென்று ஆக்கும், வெள்ளை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். எங்கள் கரையிலிருந்து மேற்கே எத்தனையோ ஊர்களுக்கு அந்த மேகம்தான் குடை. மீன் எப்போதோ ஒழிந்துபோயிற்று. கரையில் இருக்கிற எல்லாரும் உப்படிக்கத்தான் போகிறோம். எனக்கும் ஒரு படகு இருக்கிறது, சுக்கான் பிடிப்பது நான்தான்.

தம்பி விழுந்ததும் அத்தனை படகும் நின்றுவிட்டது. கழகத்துக்காரர்கள் இதை வேலைநிறுத்தம் என்றார்கள். மண்ணாங்கட்டி வேலைநிறுத்தம். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒருவன் விழுந்துவிட்டால், உடம்பு கிடைக்கிறவரை யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. கடலில் இறங்கினால் தேடத்தான் இறங்க வேண்டும். ஊரில் உலை ஏறாது. நம் ஆளை வயிற்றில் வைத்திருக்கிற கடலிடம் கூலி வாங்கக்கூடாது, அவ்வளவுதான் காரணம். சொந்தபந்தம் உள்ள ஊர்களும் நிற்கும். இந்தக் கரையில் யாருக்கு யார் சொந்தமில்லை? வடக்கேயும் தெற்கேயும் இருந்த குப்பங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

விடிந்ததும் படகுகள் போகும், சாயங்காலம்வரை என் தம்பியைத் தேடும், வெறுங்கையாகத் திரும்பும். ஒவ்வொரு படகிலும் பம்பு இருந்தது, டீசல் இருந்தது, குழாய் இருந்தது. ஒருவர்கூடத் திறக்கவில்லை. வலை வீசினாலும் உப்படித்தாலும் தொழில் தொழில்தானே? தலைக்கு மேலே இருந்த வெள்ளை மேகம் ஓட்டை விழுந்த வேட்டி மாதிரி நாளுக்கு நாள் கிழிந்துகொண்டே போனது. கழகம் எங்கிருந்தோ கூலிக்கு ஆள் பிடித்து வந்து எங்கள் படகுகளில் ஏற்றியது. முகத்துவாரத்து அலையைத் தாண்டத் தெரியாமல் முதல் படகே கவிழ்ந்து மூன்று பேர் செத்தார்கள். மிச்சப்பேரை எங்கள் ஆட்கள் கரையிலேயே வைத்து உதைத்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் டாக்டர் மதிவதனி வந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, கழகத்தில் கடலின் சூட்டை அளக்கிற விஞ்ஞானி. மாரியம்மன் கோயில் கொட்டகையில் ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காவல்காரன் யாரும் இல்லாமல் தனியாக, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அந்தம்மா நடந்து வந்தார். சட்டையில் கழகத்தின் சின்னம். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. எழுந்து போய் ஓங்கி ஓர் அறை விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. முடியைப் பிடித்து இன்னொன்று விடப் போனேன், ஊர்த்தலைவரான நாட்டார் வைரக்கண்ணு மாமா கத்தினார்.

"தையலு! வுடு அந்தம்மாவ. பஞ்சாயத்துக்கு வந்தவங்க மேல கை வைக்கறது நம்ம வழக்கமா?"

"இவங்க வழக்கம் மட்டும் ஒசத்தியா மாமா? எந் தம்பிய அடிச்சுத் தள்ளுனது யாரு?"

"நான் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா, உதட்டைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நானும் அந்தச் சம்பளத்தைத்தான் வாங்கறேன். இன்னொரு அறை வேணும்னா அடிச்சுக்குங்க. அதுக்கப்புறம் நான் சொல்றதைக் கேளுங்க."

அந்தம்மா அப்படிச் சொன்னதும் என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. கோபம் இறங்கவில்லை.

"நீங்க தினமும் கடலுக்குப் போறீங்க" என்றார் அவர். "தேடறீங்க. தேடுங்க, வேண்டாம்னு சொல்லல. தேடிக்கிட்டே பம்பைத் திறந்துவிடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"அது தொழிலும்மா" என்றார் நாட்டார் மாமா. "உடம்பு கெடைக்காம தொழில் பண்ண மாட்டோம்."

"கூலி வாங்காதீங்க. சும்மா அடிங்க."

"கூலி வாங்காத தொழிலு, தொழிலு இல்லேன்னு ஆயிடுமா?"

டாக்டரம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இந்த மேகம் தானா நிக்கல. கடல் குளுமையா இருந்தாத்தான் மேகம் தங்கும், மேகம் இருந்தாத்தான் கடல் குளுமையா இருக்கும். ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு நிக்குது. கடலோட சூடு ஒரு அளவைத் தாண்டிட்டா மேகம் மொத்தமா கலைஞ்சுடும். அதுக்கப்புறம் நீங்க வருஷம் பூரா உப்படிச்சாலும் மேகம் கூடி வராது. திரும்பி வர வழியே இல்லாத இடம் அது."

"அந்த அளவு எவ்வளவு?"

"முப்பத்திரண்டரை டிகிரின்னு கழகம் சொல்லுது. அதனாலதான் அவசரம் இல்லேன்னு அங்க உக்காந்திருக்காங்க. நான் முப்பத்திரண்டுன்னு சொல்றேன். இப்போ முப்பத்தொண்ணரைக்கு வந்தாச்சு."

"ரெண்டுல எது சரி?" என்று நான் கேட்டேன்.

"தாண்டினதுக்கப்புறம்தான் தெரியும்."

"நல்லாருக்கு டாக்டரம்மா! கெணத்துல குதிச்சுட்டு ஆழம் பாக்கற கணக்கு!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நாட்டார் மாமா சிரிக்கவில்லை. "அம்மா, ஒன்றரைன்னு கோடு போட்டாங்க, ரெண்டுக்கு நகத்துனாங்க. இப்ப நீங்க ஒரு கோடு, கழகம் ஒரு கோடு. படிச்சவங்க கோடெல்லாம் நகருது. எங்க கோடு ஒண்ணே ஒண்ணுதான். அதையும் நகத்தச் சொன்னா எப்படி? நாளைக்கு எவன் கடல்ல வுழுந்தாலும் தேட ஆளிருக்காது."

"மேற்கே ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க ஐயா. எனக்கும் ஒரு பையன் அங்கதான் இருக்கான். நேத்து அவன் தெருவுல பொணத்தைத் தூக்க ஆளில்லையாம்."

"எந் தம்பியத் தூக்கவும்தான் ஆளில்ல" என்றேன் நான்.

டாக்டரம்மாவால் திரும்பிப் போக முடியவில்லை. மேற்கே ஊர்க்காரர்கள் ரோட்டை மறித்துவிட்டார்கள், கழகம் தன் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் தங்கள் விஞ்ஞானி வெளியே நிற்பது ஞாபகம் இருந்ததோ இல்லையோ. நாட்டார் மாமா என் வீட்டில் தங்க வைக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீடு தேடி வந்த ஆளை வெயிலில் விடவா முடியும்? பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில் ஒரு சொம்பு நீட்டினேன். அந்தம்மா குடித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மேற்கேயிருந்து லாரிகள் வந்தன.

வரிசையாக லாரிகள், டிராக்டர்கள். இறங்கியவர்கள் ரவுடிகள் இல்லை. வயல்காரர்கள், கடைக்காரர்கள், வாத்தியார்கள். எல்லார் தலையிலும் ஈரத்துணி, கையில் அரிவாள், கடப்பாரை, கிரிக்கெட் மட்டை. முதல் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே பிணங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சின்ன உடம்புகள் மேலே இருந்தன.

"பாத்துக்குங்கடா!" என்று ஒருத்தன் கத்தினான். "உங்க ஒருத்தனுக்காக எங்க ஊரு மொத்தமும் சாகணுமா? படகை எடுங்க!"

நாட்டார் மாமா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். "ஐயா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. எங்க புள்ள உடம்பு கெடைச்ச நிமிஷம்..." அவர் பேச்சை முடிக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து ஓர் அரிவாள் வந்து கழுத்தில் இறங்கியது. கூப்பிய கை கூப்பியபடியே அவர் மண்டிபோட்டு விழுந்தார். வெட்டியவனே பயந்துபோய் அரிவாளைக் கீழே போட்டான். அது ஒரு கணம்தான். பிறகு ஊர் பொங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. கூரைகள் எரிந்தன. எங்கள் பெண்கள் மீன் வெட்டுகிற கத்தியோடு இறங்கினார்கள். ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே செத்தான். என் கையில், கயிறு இழுக்கிற வின்ச்சைச் சுற்றுகிற இரும்புக் கம்பி இருந்தது. அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தம்பியை அடித்தவன் முகம் தெரியாததால், எதிரே வந்த முகமெல்லாம் எனக்கு அவன் முகம்தான்.

அப்போது ஒருத்தன் என் வீட்டைப் பார்த்து ஓடி வந்தான். இளவட்டம், நல்ல உயரம். வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டே வந்தான், கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டைக் கொளுத்தத்தான் வருகிறான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். மணிக்கட்டில், சூடு தாங்க ஆபீஸ் ஆட்கள் கட்டுகிற குளிர்ப்பட்டை இருந்தது. அந்தக் கையையும் தாண்டி, இடது காதுக்கு மேலே ஓங்கி அடித்தேன். ஒரே அடி. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் அடுத்தவனைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

சண்டையை யாரும் விலக்கிவிடவில்லை. சூடுதான் விலக்கியது. அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே படகு நிழலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். கடப்பாரையைத் தூக்க ஒருத்தனுக்கும் தெம்பில்லை. லாரிக்காரர்கள் நடக்க முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். செத்தவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். நாங்களும் எங்கள் ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோயில் வாசலில் கிடத்தினோம். வீட்டுக்குத் திரும்பினால் டாக்டரம்மா இல்லை. தப்பித்துப் போயிருப்பார் என்று நினைத்தேன். தொலைந்தது சனியன் என்றுகூட நினைத்தேன், பாவி நான்.

கரையில் செத்தவர்களைப் புதைத்துவிட்டால் மறுநாளே கடலுக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை. நாட்டார் மாமாவையும் மற்றவர்களையும் புதைத்தாயிற்று. ஆனால் ரத்தினவேல் இன்னும் கடலில்தான் இருந்தான். சின்ன நாட்டார் நாகமுத்து, ரத்தம் காயாத கட்டோடு நின்று அதே தீர்ப்பைத்தான் சொன்னார். வைரக்கண்ணு உயிரைக் கொடுத்துக் காத்த வழக்கத்தை அவர் பிணத்தின் மேலேயே எப்படி உடைப்பது?

சண்டை நடந்த இரண்டாம் நாள் மத்தியானம் முகத்துவாரத்தில் ஓர் உடம்பு ஒதுங்கியது.

ஊரே ஓடியது. கடல் இருந்த சூட்டில் உடம்பு ஊதிப்போயிருந்தது. முகத்தை நண்டு தின்றுவிட்டது. மேலே ஒரு நீலக் கைலி, எங்கள் ஆட்கள் கட்டுகிற மாதிரி. தலையில் இடது பக்கம் பிளந்த காயம். "துப்பாக்கிக் கட்டை அடி" என்று யாரோ சொன்னார்கள். "ரத்தினவேலுதான்." பெண்கள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க உப்பும் மணலும்.

"தையலு" என்றார் நாகமுத்து. "நீதான் கூடப் பொறந்தவ. நல்லாப் பாத்துச் சொல்லு. இது ஒந் தம்பிதானே?"

நான் குனிந்து பார்த்தேன். என் தம்பியின் வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. வின்ச் கயிறு அறுத்துவிட்டது, நான்தான் அன்றைக்குத் துணி வைத்துக் கட்டினேன். இந்தக் காலில் ஐந்து விரலும் இருந்தன. உள்ளங்கையைத் திருப்பினேன். கயிறு இழுத்த காய்ப்பு ஒன்றுகூட இல்லை, பேனா பிடித்த கை. மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத வெளுப்பு, ஒரு பட்டை அகலத்துக்கு.

குளிர்ப்பட்டை.

அந்தக் காயத்தை எந்தக் காவல்காரனும் போடவில்லை. அது என் அடி. நான் கொன்றவனை யாரோ கைலி கட்டிக் கடலில் போட்டு, என் தம்பி என்று என்னிடமே கொண்டுவந்து காட்டுகிறார்கள். இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை! உடம்பை வைத்துமா எங்களை ஏய்ப்பீர்கள்?

நிமிர்ந்தபோது ஊர் கண்ணில் பட்டது. முழங்கால் தண்ணீரில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கிடத்தி, தலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரும் சுட்டது. என் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள், அது எழுந்திருக்கவில்லை. மேலே பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் இல்லை என்று சொன்னால் நாளைக்கும் படகுகள் பம்பை மூடிக்கொண்டு என் தம்பியைத் தேடும். நாளை மறுநாளும் தேடும். என் தம்பி எந்தப் பிள்ளைகளுக்காகக் கதவை உடைத்தானோ அந்தப் பிள்ளைகள் எல்லாம் செத்து முடிகிறவரை தேடும்.

"தம்பீ!" என்று அலறிக்கொண்டு அந்த உடம்பின் மேல் விழுந்தேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. யாருக்காக அழுதேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை.

நாகமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழி வெட்டுங்கப்பா. நாளைக்கு விடிஞ்சதும் படகு எடுக்கலாம்" என்றார்.

குளிப்பாட்டித் தூக்குவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கோடித்துணி போட வேண்டும். நான் போட்டேன். பங்காளிகள் போட்டார்கள். அப்போது டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் புது வேட்டி, மடிப்புக் கலையாதது.

"நீங்க ஏம்மா கோடி போடுறீங்க?" என்று நாகமுத்து தடுத்தார். "நீங்க என்ன ஒறவு?"

அந்தம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து வேட்டியை விரித்துப் போர்த்தினார். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை விரலால் ஒதுக்கி, பள்ளிக்கூடம் அனுப்புகிற பிள்ளைக்குச் சீவிவிடுகிற மாதிரி ஒரு பக்கமாகப் படிய வைத்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"போடட்டும் மாமா" என்றேன். "அவங்களைத் தடுக்காதீங்க."

மறுநாள் விடிந்ததும் படகுகள் எல்லாம் வரிசை கட்டிப் போயின. டாக்டரம்மா என் படகில்தான் ஏறினார், கடலின் சூட்டை அளக்க வேண்டும் என்று. முன்பக்கம் அஞ்சப்பன் நின்றான், எங்கள் பங்காளி. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பம்பைத் திறந்தேன். குழாய்கள் சீறின. வெள்ளைப் புகை மேலே எழும்பியது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை படகுகள் அடித்துக்கொண்டிருந்தன.

கரை கண்ணுக்கு மறைந்தது. கடைசியில் நான்தான் கேட்டேன். "பேரு என்ன?"

"இளம்பரிதி."

"எதுக்கு வந்தாரு?"

"என்னைக் கூட்டிட்டுப் போக. போன் கிடைக்கலேன்னதும் பயந்துட்டான் போல. பஸ் ஏது? இந்தப் பக்கம் வந்தது அந்த லாரி மட்டும்தான்." அவர் தண்ணீருக்குள் விட்டிருந்த கருவியைப் பார்த்தபடியே சொன்னார். "ஜன்னல்ல என்னைப் பாத்துட்டு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு ஓடி வந்தான்."

அன்றைக்குக் கூச்சலில் எனக்குக் கேட்காமல் போன வார்த்தை அதுதான்.

"நான் ஜன்னல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன், தையல்" என்றார்.

அந்த இரும்புக் கம்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடந்தது. அவர் அதை எடுத்து என் மண்டையில் போட்டிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். எடுப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என்னை ஏன் சும்மா வுட்டீங்க? ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அது உங்க தம்பி இல்லேன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். படகு போயிருக்காது." அவர் கருவியின் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "நீங்கதான் அழணும். வேற யார் அழுதாலும் ஊர் நம்பாது. அவனை இழுத்துக்கிட்டுப் போய்த் தண்ணியில விடும்போது அதை மட்டும்தான் நினைச்சேன். உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க."

"நெனைக்கல" என்றேன்.

"முப்பத்தொண்ணு தொண்ணூறு" என்று கருவியைப் படித்தார். "மேகம் கூடினா நாம இன்னும் கோட்டைத் தாண்டல. கூடலேன்னா தாண்டியாச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வானத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். பம்புகள் இரைந்துகொண்டே இருந்தன. வெயில் ஏறி, உடம்பு எரிய ஆரம்பித்த நேரத்தில், கிழக்கே வெளுப்பாக ஒன்று தெரிந்தது. பருத்தி பிரித்துப் போட்ட மாதிரி, கொஞ்சமே கொஞ்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்தில் இருந்த இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"கூடுது" என்றார். "தையல், கூடுது!"

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து அஞ்சப்பன் குரல் கொடுத்தான். "அக்கா! நேர் முன்னால என்னமோ மெதக்குது."

பார்த்தேன். குப்புறக் கிடந்தது, அலைக்கு ஏறி இறங்கியது. கிழிந்த சட்டை. என் தம்பியின் முதுகு எனக்குத் தெரியாதா? குழந்தையில் தூக்கிச் சுமந்த முதுகு, காய்ச்சலுக்குத் தைலம் தேய்த்த முதுகு. வலது கால் நீட்டிக்கொண்டிருந்தது, விரலை எண்ண வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை.

டாக்டரம்மாவும் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நிறுத்துங்க தையல்" என்றார் மெதுவாக. "எடுத்துடலாம். ஒரு நிமிஷம்தான்."

ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியமா அது? வரிசையில் ஒரு படகு நின்றால் பக்கத்துப் படகு என்ன ஆயிற்று என்று கேட்க வரும், அதைப் பார்த்து அடுத்தது வரும். அப்புறம், புதைத்தது யாரை என்ற கேள்வி வரும். பம்புகள் எல்லாம் மூடிக்கொள்ளும். அந்தச் சின்ன மேகம் அங்கேயே கரையும். நானும் இந்தக் கரைக்காரிதான். உடம்பைக் கண்டும் காணாமல் போகிறவள் கரையேறக்கூடாது என்று எங்களில் சொல்வார்கள். நானே எத்தனையோ பேரை அப்படித் திட்டியிருக்கிறேன்.

"அக்கா, என்னக்கா அது?" அஞ்சப்பன் மறுபடியும் கேட்டான்.

"ஆமைடா" என்றேன். "செத்த ஆமை. நீ முன்னால பாரு."

அவன் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தான். கடலில் பிறந்து வளர்ந்தவன் அவன், ஆமைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சுக்கானை ஒரு சாண் ஒடித்தேன். படகின் ஓரத்தில் உரசுகிற மாதிரி ரத்தினவேல் கடந்து போனான். கை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம். எங்கள் உப்பு அவன் மேல் பெய்தது. பம்பை இன்னும் கூட்டி வைத்துவிட்டு நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா படகின் பின்பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்தார். வாய்விட்டு அழுதார். பம்புச் சத்தத்தில் அஞ்சப்பனுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.